தாளிலும் வேண்டும், திரையிலும் வேண்டும்

(பார்க்கிங்கில் நடைபெற்ற எமது சங்க ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. உயர்தரப் பரீட்சையோடு எனது படிப்பு நின்றுவிட்டது. இப்போது மட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பின்னேரத்தில் நேரம் கிடைத்தால் எங்கட புத்தாண்டு மலரின் பக்கங்களைக் கொம்பியூட்டரில் ஒழுங்கு செய்து கொடுப்பேன். அச்சோடும் எழுத்தோடும் எனக்குள்ள உறவு இவ்வளவுதான்.

அடுத்த வருடம் தொடக்கம் மலரை அச்சடிக்கத் தேவையில்லை, பி.டி.எஃப். ஆக வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நிர்வாக சபையில் ஒரு யோசனை இருக்கிறது. செலவு கூடிப்போச்சு, பிள்ளைகள் எல்லாம் போனில்தான் பார்க்கினம் என்பது காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முடிவு எடுக்க முன்னர், எனக்குப் பிடித்த சில வடிவங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவை இந்தக் கேள்விக்கு வழி காட்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, உங்கள் குசினியிலேயே இருக்கிறது. வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கற் பெட்டியை எடுத்து, ஒட்டின மடிப்பைப் பிரித்துப் பாருங்கோ. அதன் உள்ளே சின்னச் சின்ன நிற வட்டங்கள் வரிசையாக இருக்கும். நீலம், ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பெட்டியின் வெளியே தெரிகிற அத்தனை படங்களும் பெரும்பாலும் இந்த நாலு மையில்தான் உருவாகின்றன. ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு தகடு. ஒரு தகடு மயிரிழை விலகினாலும் படம் மங்கிப் போகும். மெசினில் நிற்கிறவன் அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் மை சரியோ பிழையோ என்று சொல்லுவான். வாங்குகிறவர் காணாத இடத்தில் ஒரு தொழிலாளியின் கண்ணுக்காக வைத்த அடையாளம் அது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

இரண்டாவது, நாங்கள் தினமும் பார்க்கிறது. டிஸ்ரிக்ற் லைனில் போகும்போது சிவப்பு வட்டத்துக்கு நடுவே நீலப் பட்டையில் ஸ்ரேசனின் பெயர் இருக்கும். அந்த எழுத்தை வரைந்தவர் எட்வேட் ஜோன்ஸ்ரன். முதலில் பாவனைக்கு வந்தது 1916 ஆம் ஆண்டில். சின்ன 'ஐ' எழுத்தின் மேலுள்ள புள்ளியைக் கவனித்துப் பாருங்கோ. அது வட்டமாக இராது, சாய்த்து வைத்த சதுரமாக இருக்கும். நூறு வருடம் கழித்து 2016 இல் அதே எழுத்தைத் திருத்தி, போனுக்கும் கொம்பியூட்டருக்கும் ஏற்றமாதிரி ஆக்கினார்கள். மின்னஞ்சலில் வரும் 'அற்' குறியையும் அப்போதுதான் சேர்த்தார்கள். தட்டியிலும் தாளிலும் பிறந்த எழுத்து திரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஸ்ரேசன் சுவரில் இருந்து அதை ஒருவரும் கழற்றவில்லை.

மூன்றாவது கதை கொஞ்சம் விசித்திரமானது. ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி லைனின் ஒரு முனை எங்கட பார்க்கிங், மறு முனை ஹமர்ஸ்மித். அந்த முனையில் இறங்கி நடந்தால் தேம்ஸ் ஆற்றுப் பாலம் வரும். அந்தப் பகுதியில் 1900 ஆம் ஆண்டில் டவ்ஸ் பிறெஸ் என்ற சிறிய அச்சகம் தொடங்கப்பட்டது. கொப்டன் சான்டர்சன் என்பவரும் எமரி வோக்கர் என்பவரும் பங்காளிகள். அவர்களுக்கென்றே செய்வித்த ஈய எழுத்து மிகவும் அழகானது. பிறகு பங்காளிகளுக்குள் சண்டை. தான் இறந்தபின் எழுத்து வோக்கரின் கைக்குப் போகக்கூடாது என்று கொப்டன் சான்டர்சன் நினைத்தார். 1916, 1917 ஆம் ஆண்டுகளில் இரவு இரவாக அந்தப் பாலத்துக்குப் போய், ஒரு தொன்னுக்குக் குறையாத ஈய எழுத்து முழுவதையும் ஆற்றுக்குள் கொட்டிவிட்டார்.

எழுத்து போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதில் அச்சடித்த புத்தகங்கள் இருந்தன. எங்கள் காலத்தில் ரொபேட் கிறீன் என்ற வடிவமைப்பாளர் அந்த அச்சுப் பக்கங்களைப் பார்த்துப் பார்த்து கொம்பியூட்டரில் எழுத்தை மீண்டும் வரைந்தார். 2014 இல் சுழியோடிகளின் உதவியோடு ஆற்றின் அடியில் இருந்து 150 எழுத்துகளை எடுத்து, தனது வரைதலைச் சரிபார்த்தார். இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது ஒன்று. அச்சகம் இல்லாமல் போனாலும், ஈயம் ஆற்றோடு போனாலும், ஒரு தாள் எங்காவது மிஞ்சி இருந்தால் எழுத்தை மீட்டு எடுக்கலாம்.

இனி எங்கட எழுத்துக்கு வருவோம். தமிழ் அச்சு நேற்றுத் தொடங்கியதல்ல. 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சானது. அதில் இன்று அறியப்பட்ட ஒரேயொரு பிரதி அமெரிக்காவில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்த ஒரு பிரதி இருப்பதால்தான் அது எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெருமை தருகிற வடிவம் தமிழ்த் தட்டச்சு இயந்திரம். அதை உருவாக்கியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்த ஆர். முத்தையா அவர்கள். எங்களைப் போலவே ஊரை விட்டுப் போனவர். சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். தமிழில் 247 எழுத்து. இயந்திரத்திலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். எப்படி அடக்குவது?

அவர் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார். கொம்பு தனி, அரவு தனி, புள்ளி தனி. சாதாரணமாக ஒரு விசையைத் தட்டினால் இயந்திரத்தின் வண்டி ஒரு எழுத்துத் தூரம் நகரும். புள்ளி, விசிறி போன்றவற்றுக்கு அவர் நகராத விசைகளை வைத்தார். முதலில் புள்ளியைத் தட்டினால் வண்டி அசையாது. பிறகு எழுத்தைத் தட்டினால் அது புள்ளிக்குக் கீழே வந்து பொருந்தும். ஜேர்மனியில் இந்த இயந்திரங்களைச் செய்வித்தார்கள். பட்டம் பெற்ற பொறியியலாளர் அல்ல, வேலைக்குப் போய்வந்த ஒரு எழுதுவினைஞர் கண்டுபிடித்த வழி இது.

இன்னொன்று, தாத்தா பாட்டியின் பழைய புத்தகங்களில் உள்ள 'லை', 'ணை', 'னை', 'ளை' எழுத்துகள். முன்னால் யானைத் தும்பிக்கை வளைந்த மாதிரி இருக்கும். பெரியார் 1935 இல் தனது 'குடி அரசு' பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அரசு 1978 இல் ஆணை போட்டது. அதற்குப் பிறகு ஈய எழுத்துப் பெட்டியிலும் தட்டச்சிலும் இடம் மிச்சம். பிள்ளைகளே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பக்கம் இருந்தால் அம்மம்மாவோடு இருந்து வாசித்துப் பாருங்கோ. நீங்கள் பிழை என்று நினைக்கிற எழுத்து ஒரு காலத்தில் சரியான எழுத்து.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கட மலரின் 2010 ஆம் ஆண்டுப் பிரதியில் ஒரு அம்மா ஒரு கட்டுரை எழுதியிருக்கிறா. இடம்பெயர முன்னர் தனது ஒழுங்கையில் இருந்த வீடுகளை, படலையில் இருந்து படலையாக, ஆர் ஆர் இருந்தார்கள், என்ன மரம் நின்றது என்று வரிசையாக எழுதியிருக்கிறா. அந்த ஒழுங்கையில் இப்போது அந்த வீடுகளும் இல்லை, அந்த மரங்களும் இல்லை. அம்மாவும் காலமாகிவிட்டா. போன மாதம் அவவின் மகள் அந்தக் கட்டுரையைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டா.

அந்த வருடத்துச் சீடி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. போட்டேன், திறந்தது. ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அந்தக் காலத்தில் நாங்கள் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை ஒழுங்கிலேயே அடிக்கலாம் என்பதால் எங்கட ஆட்களுக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. 'தமிழ்' என்று பாமினியில் அடித்தால் கொம்பியூட்டர் அதை ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் எழுதி வைக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லாத மெசினில் முகமூடி கழன்றுவிடும்.

1991 இல் வந்த யூனிக்கோட் முறையில் அந்தக் குழப்பம் இல்லை. உலகத்தில் எங்கே திறந்தாலும் 'த' எழுத்துக்கு 2980 என்ற ஒரே எண்தான். எழுத்துருவை மாற்றினால் உருவம் மாறும், எழுத்து மாறாது. பழைய தும்பிக்கை 'லை' வேண்டுமென்றாலும் அதற்கேற்ற எழுத்துருவைப் போட்டால் அதே எண்ணில் வரும். வின்டோஸ் 2000 இலேயே 'லதா' என்ற தமிழ் எழுத்துருவோடு இது வந்துவிட்டது. ஆனாலும் எங்கட சங்கங்கள், பத்திரிகைகள் பல, பழகின பாமினியிலேயே கனகாலம் இருந்தன.

சரி, அந்த அம்மாவின் கட்டுரையை மகளுக்கு எப்படிக் கொடுத்தோம்? ஒரு ஐயா தனது அலுமாரியில் வைத்திருந்த அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து தந்தார். தேநீர்க் கறையோடு இருந்தது, ஆனால் ஒரு எழுத்தும் போகவில்லை. அதைத் திறக்க ஒரு எழுத்துருவும் தேவைப்படவில்லை, கண் மட்டும் போதுமாயிருந்தது. எங்களுக்குத் தெரிந்தவரை அந்த மலரில் மிஞ்சியிருக்கிற பிரதிகள் இரண்டு.

அப்போ தாள்தான் பெரிது, கொம்பியூட்டர் வேண்டாம் என்று சொல்லுறனோ? இல்லை. தாளுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் தாளும் சாம்பல்தான். இரண்டு பிரதி என்பது பாதுகாப்பு அல்ல.

அதனால்தான் எங்கட ஆட்கள் திரைக்கும் போனார்கள். 1998 தைப்பொங்கல் அன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து, பழைய இலக்கியங்களைச் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டார்கள். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், ஊர் மலர்கள், பள்ளிக்கூட மலர்கள் எல்லாவற்றையும் படம் பிடித்துச் சேர்த்து வருகிறது. எங்கட மலர் போன்ற சின்ன வெளியீடுகளுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. படம் பிடிப்பதற்கு முதலில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு தொழிலாளியாகச் சொல்ல வேண்டும். தகடு வைத்து அச்சடிக்கும் முறையில் பத்துப் பிரதி என்றாலும் பத்தாயிரம் பிரதி என்றாலும் தகட்டுக்கும் மெசினை ஒழுங்குபடுத்துவதற்கும் ஒரே செலவு. குறைய அடித்தால் ஒவ்வொன்றின் விலையும் ஏறும். டிஜிற்றல் அச்சில் தகடே இல்லை. கொம்பியூட்டரில் இருந்து நேரே தாளுக்கு வரும். நூறு பிரதி போதுமென்றால் நூறு, பிறகு இருபது தேவையென்றால் இருபது. கொம்பியூட்டர் வந்ததால் அச்சு செத்துப்போகும் என்று சொல்லுகிறார்கள். எங்களைப் போன்ற சிறிய சங்கத்துக்கு அச்சடிக்க வழி விட்டதே கொம்பியூட்டர்தான்.

ஆகவே நிர்வாக சபைக்கு எனது பணிவான வேண்டுகோள் மூன்று. ஒன்று, மலரை எல்லோருக்கும் போனில் அனுப்புங்கள், ஆனால் நூறு பிரதியாவது டிஜிற்றல் முறையில் அச்சடியுங்கள். பிரதிகள் பல வீடுகளில், பல ஊர்களில் இருக்கட்டும். இரண்டு, இனிமேல் எல்லாக் கட்டுரைகளும் யூனிக்கோட்டில் இருக்க வேண்டும். படமாக மட்டும் வைத்தால் ஒரு பெயரைத் தேடக்கூட முடியாது. மூன்று, பழைய மலர்களை எல்லாம் சேர்த்து 'நூலகம்' திட்டத்துக்குக் கொடுப்போம். பாமினியில் உள்ளவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றியபின் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க ஆட்கள்தான் தேவை. தமிழ் வாசிக்கத் தெரிந்த அம்மாமாரும், மவுஸ் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்த வேலை முடியும்.

உங்கள் வீட்டு அலுமாரியில், கட்டிலுக்குக் கீழே, சாமி அறைத் தட்டில் பழைய மலர் ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நேரத்தில் வாசலடியில் ஒரு மேசை போடுவோம். கொண்டுவாருங்கள். அங்கேயே படம் பிடித்து உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். முக்கியமாக 2010 ஆம் ஆண்டு மலர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு மூன்றாகட்டும்.