தடுப்பூசி நாளில் அம்மாவுக்கும் ஒரு பரிசோதனை
(சாத்தாங்காடு தாய்மார்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



இரும்பு லாரி சத்தத்துல கைக்குழந்தையைத் தூங்க வைக்கிறதே இங்க பெரிய வேலை. இதுல, "என்னம்மா, பிள்ளை பெத்து இப்படி ஊதிட்டே?"ன்னு சொந்தக்காரங்க வேற கேட்பாங்க. அவங்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம். ஒன்பது மாதத்தில் ஏறிய எடை ஒரே மாதத்தில் இறங்காது. ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். அவசரப்பட்டுப் பட்டினி கிடக்காதீங்க. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அந்தக் கூடுதலை நெய்யிலும் இனிப்பிலும் நிரப்புவதுதான் நம்ம வீட்டுப் பழக்கம். பூண்டுக் குழம்பு தாராளமா சாப்பிடுங்க. காசிமேட்டு மத்தி, நெத்திலி ரொம்ப நல்லது. பால் ஊறும்னு அடிக்கடி சுறாப் புட்டு செய்றாங்க. சுறா மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேரும், அதைக் குறைச்சுக்கலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கணவருக்கும் மூத்த பிள்ளைக்கும் பங்கு வைக்காதீங்க, அது உங்களுக்கானது. வயிறு பெருத்துடும்னு தண்ணீரைக் குறைக்கச் சொன்னா கேட்க வேண்டாம், தாகத்துக்குக் குடிங்க.

நடக்க லாரி இல்லாத இடம் எங்கேன்னு கேட்பீங்க. மொட்டை மாடி போதும். பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டலாம். அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவங்க டாக்டர் சொன்ன பிறகு தொடங்குங்க.

முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கர்ப்பத்தில் உங்களுக்குச் சர்க்கரை இருந்துச்சா? கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனையை அரசுத் திட்டமாகவே முன்னெடுத்த மாநிலம் நம்முடையது. சென்னை மருத்துவர் வி.சேஷய்யாவின் உழைப்பு அதில் பெரியது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சர்க்கரை இறங்கிடும். அதோட பலரும் மறந்துடுறோம். ஆனால் இவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எடை குறையாமல் நின்றுவிட்டால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். வயிறு தெரியுதேங்கிற கவலையைவிட இதுதான் பெரிய கவலை.

பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடியும் பரிசோதிக்கணும். வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுப்பாங்க. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுப்பாங்க. இரண்டாவது அளவு 140-க்குக் கீழே இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை என்றால் எச்சரிக்கை. 200 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை தேவை. நல்லபடியா இருந்தாலும் வருடம் ஒருமுறை பாருங்க.

பிள்ளைக்கு முதல் பென்டாவேலன்ட் தடுப்பூசியும் அதே ஆறாவது வாரம்தான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படியும் போவீங்க. காலையில் சாப்பிடாமல் வரலாமா, அன்றைக்கே எடுப்பாங்களான்னு செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்குங்க. இரண்டு மணி நேரம் காத்திருக்கணும், அதனால் பிள்ளையைப் பார்த்துக்க மாமியாரையோ வீட்டுக்காரரையோ கூட்டிட்டுப் போங்க. கர்ப்பகாலச் சீட்டையும் மறக்காம எடுத்துக்குங்க. சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் பண்ணிக் கேட்கலாம்.