பிசியோதெரபி: இரண்டாம் தரப் படிப்பா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் துறையைப் பற்றி ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் நிரம்பிய இந்த அரங்கத்தில் பேரிங்கைப் பற்றி நான் பேசினால், பின்வரிசை நண்பர்கள் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் வேறொரு படிப்பைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். என் தங்கை பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டம் படித்தவள். நாலு வருஷ வகுப்பு, ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சி என்று அவள் படித்ததை வீட்டிலிருந்து பார்த்தவன் நான்.

இங்கே வந்திருக்கும் மூத்த அண்ணன்மார், அக்காமார் பலருடைய வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் ஒரு வாக்கியம் கேட்கும்: "மெடிக்கல் கிடைக்கலைன்னா பிசியோதெரபியாவது சேர்த்துவிடலாம்." அந்த "ஆவது"தான் இன்று என் பேச்சுக்குப் பொருள். என் தங்கை இந்தப் படிப்பை விரும்பிக் கேட்டுச் சேர்ந்தாள். அப்படியும் உறவுக்காரர்கள் "மசாஜ் பண்றதுக்கு ஒரு டிகிரியா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அன்று அவள் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பதிலை நான் சொல்கிறேன்.

முதல் வருஷம் உடற்கூறு, உடலியங்கியல். எலும்பு, தசை, நரம்பு ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மனப்பாடம் இருக்க வேண்டும். அப்புறம் உடற்பயிற்சி சிகிச்சை, மின்சிகிச்சை, பயோமெக்கானிக்ஸ். பிறகு எலும்பு, நரம்பு, இதயம், நுரையீரல் என்று வார்டு வார்டாகப் பயிற்சி. மின்சிகிச்சைப் புத்தகத்தைப் புரட்டினால் 27.12 மெகாஹெர்ட்ஸ் ஷார்ட்வேவ், 1 மெகாஹெர்ட்ஸ், 3 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் என்று இருக்கும். அல்ட்ராசவுண்டில் அதிர்வெண் கூடினால் மேலோட்டமான இடம், குறைந்தால் ஆழமான இடம். உடம்புக்குள் உலோகத் தகடு வைத்தவருக்கு அந்த இடத்தில் ஷார்ட்வேவ் கொடுக்கக் கூடாது. ஏன் என்று எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பயோமெக்கானிக்ஸ் நம்ம பாடம்தாங்க. கிணற்று ஏற்றம் நமக்கு பலத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. முழங்கை அதற்கு நேர் எதிர். கையை மடக்கும் தசை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் எலும்பில் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. முன்கையைக் கிடையாக நீட்டி 5 கிலோ அரிசிப் பையைப் பிடித்தால், கையின் சொந்த எடையைச் சேர்க்காமலே தசை 35 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். பலத்தை இழந்து, வேகத்தையும் வீச்சையும் பெற்ற இயந்திரம் நம் கை.

இன்னொன்று. வலது இடுப்பு மூட்டு வலிக்கிறவர் கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கணும்? வலது கையில் என்றுதான் பெரும்பாலோர் சொல்வோம். இடது கையில் பிடிக்க வேண்டும். நடக்கும்போது வலது காலில் மட்டும் நிற்கிற நேரம் உடம்பு இடது பக்கம் சாயப் பார்க்கும். அதைச் சாயவிடாமல் இழுப்பது வலது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. மூட்டு மையத்திலிருந்து தசை இருக்கிற தூரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் உடல் எடை இறங்குகிறது. ஆகவே தசை பல மடங்கு பாடுபட வேண்டும். எடையும் இழுப்பும் சேர்ந்து, 60 கிலோ மனிதரின் இடுப்பு மூட்டில் 150 முதல் 180 கிலோ வரை அழுத்தம் விழும். இடது கையிலிருக்கும் தடியோ மூட்டிலிருந்து வெகுதூரத்தில் ஊன்றுகிறது. கொஞ்சம் அழுத்தினாலே பெரிய திருப்புத்திறன் கிடைத்து, மூட்டின் பாரம் இறங்கிவிடும். இதை நோயாளியின் பாட்டிக்கும் புரிகிற மாதிரி இரண்டு நிமிடத்தில் சொல்லி, நடக்கவும் வைக்க வேண்டும். அந்தப் படிப்புக்குத்தான் பட்டம் தருகிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரலாறும் உண்டு. 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். நம் நாட்டில் 1950-களின் தொடக்கத்தில், போலியோ தாக்கிய பம்பாயில், கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பிசியோதெரபி பள்ளி வந்தது. நமக்குப் பக்கத்தில் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிக்கப் போகுமுன் கட்டட வேலை கற்றவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நல்ல தசைநாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த இடத்துக்கு மாற்றிப் பொருத்துவது அந்த முறை.

இங்கேதான் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். மோதிர விரலை மடக்கிய தசைநாணைக் கட்டைவிரலுக்கு மாற்றிவிட்டதாக வையுங்கள். அறுவை முடிந்தது, கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் மூளைக்கு இந்த மாற்றம் தெரியாதே! "கட்டைவிரலை அசை" என்றால் ஒன்றும் நடக்காது. "மோதிர விரலை மடக்கப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். மோதிர விரலை நினைத்து முயன்றால், கட்டைவிரல் நகரும். அதைத் தினமும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, மூளைக்குப் புதுப் பழக்கம் ஏற்றியபின்தான் அந்தக் கை சோறு பிசையும், பேனா பிடிக்கும். சர்ஜனின் வேலை சில மணி நேரம், இந்த வேலை பல வாரங்கள். ஒன்றில்லாமல் மற்றது வீண்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இன்றும் அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, கஷ்டம் இல்லையா? இருக்கிறது. சின்ன மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு. நம்மோடு படித்தவர்கள் சாஃப்ட்வேரில் முதல் மாதம் வாங்கியதோடு ஒப்பிட்டால் மனசு சோர்ந்துபோகும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. பக்கவாதம் வந்தவர் பத்து நாள் ஒரு முன்னேற்றமும் இல்லாமல் இருப்பார், கோபப்படுவார், அழுவார். பதினொன்றாம் நாளும் முகம் சுளிக்காமல் போய் "இன்னைக்கு ஒரு தடவை முயற்சி பண்ணலாம் ஐயா" என்று சொல்ல வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத பிள்ளையை, மார்க் இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

சேர்க்கிறவர்கள் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பும் அங்கீகாரமும் உண்டா? 2021-இல் இணை மருத்துவம், சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. பிசியோதெரபியும் அதற்குள் வருகிறது. படிப்பின் காலம், சேர்க்கை விதி இவையெல்லாம் மாறிவரும் சமயம் என்பதால், சேரும் வருஷத்து அறிவிப்பை நேரில் வாங்கிப் படியுங்கள். இரண்டு, பயிற்சிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் நோயாளிகள் வருகிறார்களா? கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், புறநோயாளி வரிசையைப் பாருங்கள். மூன்று, வெளிநாட்டுக் கனவு இருந்தால், பட்டம் மட்டும் போதாது. அமெரிக்காவில் உரிமத் தேர்வு எழுத வேண்டும், இங்கிலாந்தில் பதிவு செய்ய வேண்டும்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வருஷப் புராஜெக்டுக்கு விஷயம் தேடி அலைகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் பிசியோதெரபி கல்லூரிக்கு ஒருநாள் போங்கள். விரல் மடங்கும் கோணத்தை அளக்க, முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க, மலிவான நல்ல கருவி அவர்களுக்குத் தேவை. அவர்களுக்கு உடம்பு தெரியும், நமக்கு இயந்திரம் தெரியும். சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் லாபம், நோயாளிக்கு அதைவிட லாபம்.

பெற்றோர்களே, உங்கள் மகளோ மகனோ "பிசியோதெரபி படிக்கட்டுமா?" என்று கேட்டால், காரணம் என்ன என்று கேளுங்கள். பதிலில் தெளிவு இருந்தால், அந்த "ஆவது" இல்லாமல் சேர்த்துவிடுங்கள்.