டாக்டர் பட்டத்திற்குப் பின் என்ன?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்காவிலுள்ள ஆராய்ச்சியாளர்களின் பிழைப்பைப் பற்றிய விஷயமாகும். காலேஜ் வாசலை மிதித்திராத நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எதையும் பரீட்சை செய்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட, தங்கள் சொந்த வாழ்வைப் பற்றிய ஒரு நம்பிக்கையைப் பரீட்சிக்காமலே சுமந்து வந்தார்கள் என்பதைக் காட்டவே இதை எடுத்துக்கொண்டோம்.

அங்கு டாக்டர் பட்டம் பெற்றவர் உடனே பேராசிரியராகிவிடுவதில்லை. வேறொரு பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் இன்னும் சில வருஷகாலம் அவர் கீழ் உழைக்கிறார். இவருக்குப் "போஸ்ட்டாக்" என்று பெயர். முப்பது வயது கடந்து, பெண்டு பிள்ளைகள் வந்த பிறகும் இது நிரந்தரமில்லாத உத்தியோகந்தான். அயல்நாட்டார் என்றாலோ, வேலை போனால் அங்கே தங்கும் உரிமையும் போய்விடக்கூடும். நம் நாட்டுப் பிள்ளைகளும் இக்கூட்டத்தில் ஏராளம்.

இவ்வளவும் எதற்காக? என்றைக்காவது பேராசிரியர் நாற்காலி கிடைக்கும் என்பதற்காக. ஒரு பேராசிரியர் தம் ஆயுளில் பத்துப் பேரைத் தயார் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விட்டுப்போகும் நாற்காலி ஒன்றுதானே? மற்ற ஒன்பது பேர் எங்கே போவது? இதை அறியப் பெரிய கணித சாஸ்திரம் வேண்டுமா? சந்தையில் கீரை விற்கும் கிழவி சொல்லிவிடுவாளே!

அப்படியிருந்தும், மருந்துக் கம்பெனிக்கோ, பேடண்ட் வேலைக்கோ, பத்திரிகைக்கோ, சர்க்கார் இலாகாவுக்கோ போனவரைத் தோற்றுப்போனவராக நினைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. இவ்வேலைகளுக்கு "மாற்று வழி" என்று பெயரும் வைத்தார்கள். பெரும்பாலோர் போகிற வழி மாற்று வழியாம். சிலர் மாத்திரம் போகிற வழி ராஜபாட்டையாம்! இது என்ன நியாயம்?

கஷ்டப்பட்டவர்களே முதலில் விழித்துக்கொண்டார்கள். 2003-ல் தேசிய போஸ்ட்டாக் சங்கம் ஏற்பட்டது. 2010-ல் கலிபோர்னியா சர்வகலாசாலைப் போஸ்ட்டாக்குகள் தொழிற்சங்கத்தின் மூலம் தங்கள் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். 2012-ல், ஒருவர் தமக்குள்ள திறமை என்ன, விருப்பம் என்ன, எதைப் பெரிதென மதிக்கிறார் என்று தம்மையே கேட்டுத் திட்டம் வகுத்துக்கொள்ள "மை ஐ.டி.பி." என்னும் இலவச சாதனம் வந்தது. பிறகு, தேசிய சுகாதார நிலையங்கள் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் 2013, 2014-ம் வருஷங்களில் "பெஸ்ட்" என்ற திட்டத்தில் 17 கலாசாலைகளுக்குப் பணம் கொடுத்து, பலவகைத் தொழில்களுக்கும் பயிற்சி தரச் செய்தது.

உடனே சில பேராசிரியர்கள், "பையன்கள் பயிற்சி, பயிற்சி என்று அலைந்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகுமே!" என்று கவலைப்பட்டார்கள். நல்லது, கெட்டதா இல்லையா என்று எண்ணிப் பார்த்தாலல்லவா தெரியும்? எண்ணியும் பார்த்தார்கள். 10 கலாசாலைகளில் டாக்டர் பட்டத்திற்குப் படித்தவர்களைப் பற்றிய கணக்கு 2021-ல் வெளிவந்தது. பயிற்சிக்குப் போனவர்கள் பட்டம் பெற அதிக காலம் பிடிக்கவுமில்லை. அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் குறையவுமில்லை. அது மாணவர்களின் கணக்கேயன்றிப் போஸ்ட்டாக்குகளின் கணக்கல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். ஆனால் கெட்டுப்போகும் என்பவர்தானே இனி ருஜு காட்டவேண்டும்?

ஆகவே தோழர்களே! ஆராய்ச்சிக்குப் போன வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: கடைசி வருஷத்தில் அல்ல, முதல் வருஷத்திலேயே "இதற்கடுத்து என்ன?" என்று கேளுங்கள். வேறு தொழிலிலிருப்பவர்களைத் தேடிப்போய் அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை என்னவென்று விசாரியுங்கள். எழுதவும், பேசவும், கணக்கு வழக்குப் பார்க்கவும், ஆட்களை வைத்து வேலை வாங்கவும் பழகுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கடல் கடந்துள்ள பிள்ளையிடம், "எப்போது பேராசிரியராவாய்?" என்று கடிதந்தோறும் கேட்காதீர்கள். "என்ன வேலை உனக்குப் பிடித்திருக்கிறது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நாற்காலி கிடைக்காததால் அறிவு குறைந்துபோவதில்லை. அது எங்கு போனாலும் பயன்படும்.