வர்ணம் பூசும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

வீட்டை அழகுபடுத்துவது பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளியவனுக்கு அழகைப் பற்றி என்ன தெரியும்? அழகுபடுத்தப் போய்ப் பணத்தை எப்படித் தொலைப்பது என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

என் மாமனார் ஊர் கூக்கால். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டிப் போக வேண்டும். ஏரி, சோலைக்காடு, படிப்படியாகப் பூண்டு வயல். வீடு பழையது, கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், தகரக் கூரை. ஓய்வு பெற்றதும் பணிக்கொடையில் ஒரு பகுதியை எடுத்து அதைப் புதுப்பித்தேன். வெளியே சிமென்ட் பூச்சு, உள்ளே பிளாஸ்டிக் எமல்ஷன், மாமியார் அறையில் பிவிசி பேனல். விறகடுப்பை எடுத்துவிட்டு கேஸ் வைத்தேன். சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, "ஓட்டல் மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கார்த்திகையில் பேனல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். கழற்றினால் பின்புறம் முழுக்கப் பூஞ்சை. ஏற்கெனவே வீசிங் உள்ள மாமியார், ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். அந்த அறையை அவருக்காகத்தான் செய்தேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "மாப்பிள்ளை, வீட்டுக்கு மழைக்கோட்டை மாட்டி விட்டுட்டீங்க. வேர்வை எங்க போகும்?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். கல், மண் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெளிக்காற்றில் விட்டுவிடும். இரண்டு பக்கமும் நான் அடைத்துவிட்டேன். பழைய அடுப்பின் சூட்டில்தான் மேலே தொங்கிய பூண்டும் கெடாமல் இருந்தது, சுவரும் காய்ந்தது. புகை மாமியாருக்கு ஆகாது, அடுப்பை எடுத்தது தப்பில்லை. அது செய்த வேலைக்கு மாற்று வைக்காததுதான் தப்பு. போதாததற்கு, கேஸ் எரியும்போது நீராவியும் வரும். 1845-இல் கொடைக்கானலில் குடியேறிய அமெரிக்க மிஷனரிகள் காலத்திலிருந்து வந்த பழைய பங்களாக்களைப் பாருங்கள். பலவற்றில் கணப்பும் புகைபோக்கியும் இருக்கும். அதை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு செய்தது இதுதான். வீட்டின் பின்சுவரை ஒட்டிச் சரிந்து கிடந்த மண்ணை வெட்டி எடுத்து, வடிகால் தோண்டினோம். பாதி ஈரம் அதிலேயே நின்றது. சிமென்ட் பூச்சை உதிர்த்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம், உள்ளே வெள்ளையடித்தோம். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு கோடை முழுக்கக் காயவிட்ட பிறகுதான் ஜன்னல் திரையைப் பற்றியே யோசித்தோம். முதல் செலவு முழுவதும் வாராக்கடன்.

நம் அடுக்ககத்துக்கு வருவோம். இங்கே கான்கிரீட், சிமென்ட். சுண்ணாம்பு வைத்தியம் அப்படியே பொருந்தாது. ஆனால் ஈரத்தை மறைத்து அழகு செய்யும் பழக்கம் இங்கேயும் உண்டு. வால்பேப்பர் ஒட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு அடிச் சதுரம் வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு, காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக்காற்றில் இருக்கிறது: உள்ளே துணி காயப்போடுவது, குளியலறைக் கதவைத் திறந்து வைப்பது. காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் கசிவு. குழாயா, வெளிச்சுவர் விரிசலா, மேல்வீட்டுக் குளியலறையா என்று கண்டுபிடிக்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

மேல்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவருக்கு அது தெரியவே தெரியாது. தாளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள். வெளிச்சம் குறைந்த அறைக்கு வெளிர் நிறம், ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி. அலங்காரத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

மாமியார் இப்போது அந்த வெள்ளையடித்த அறையில்தான் தூங்குகிறார். ஜன்னலோரம் பூண்டுக் கொத்து ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். அழகுக்கு என்கிறார்.

தாளும் டேப்பும் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.