மெய்நிகர் அறையும் மலர்ந்த மனமும்

ஒரு மெழுகுவத்தி, சில தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையச் சிறு ஆணிகள். மெழுகு கீழே சொட்டாதபடி மெழுகுவத்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் அடித்து, அதன்மேல் மெழுகுவத்தியை நிறுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் பலருக்கு அந்தப் பெட்டி ஆணி வைக்கும் பெட்டியாகவே தெரிகிறது. 1987-இல் உளவியலாளர் ஆலிஸ் ஐசனும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், இந்தப் புதிருக்கு முன் நகைச்சுவைப் படம் பார்த்தவர்களில், மற்றவர்களைவிட மிக அதிகம் பேர் விடை கண்டார்கள். மனநிலை யோசனையை இப்படி மாற்றும் என்றால், தலையில் மாட்டும் கருவி வழியே தெரியும் மெய்நிகர் பணியிடத்தை அமைப்பவர்கள் சுவரின் நிறத்தையும் சன்னலுக்கு வெளியே தெரியும் கடலையும் தீர்மானிக்கும் முன், அவை உள்ளே இருப்பவர் மனத்தில் என்ன உணர்வை எழுப்பும் என்று யோசிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கண்ணுக்குக் காட்டும் வித்தை சிந்தனையை மாற்றுமா என்று சிலர் கேட்கலாம். பிரான்சில் பொறியியல் மாணவர்களுக்குக் கணினித் திரையின் மெய்நிகர் உலகில் கண்டுபிடிப்பாளர் போன்ற உருவம் கொடுத்து யோசனை கேட்டார்கள். சாதாரண உருவம் பெற்றவர்களைவிட இவர்கள் அதிகமாகவும் புதுமையாகவும் சொன்னார்கள். மகிழ்ச்சி எல்லா வேலைக்கும் உதவாது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. கணக்கைச் சரிபார்க்கவும் பிழை தேடவும் நிதானமான மனம்தான் வேண்டும். ஆகவே ஒரே அறையை எல்லா வேலைக்கும் திணிக்கக் கூடாது. தலையில் மாட்டும் கருவி கனத்து, தலைசுற்றல் வந்துவிட்டால் எவ்வளவு அழகான காட்சியும் எரிச்சலைத்தான் தரும். அலுவலகத்துக்கு இத்தகைய கருவி வாங்க நினைப்பவர்கள், ஊழியர்களை மாட்டிப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டபின் வாங்குங்கள்.