பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சி
(சரவணம்பட்டியில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பிறர் நம்மில் காணும் விசுவாசம் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். நம் ஜெபக்கூட்டங்களில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. எழுந்து நிற்போம். வியாதி நீங்கியது, மகனுக்கு வேலை கிடைத்தது, வீட்டுக்கடன் அடைந்தது என்று சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவோம். அந்த நன்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன். என் சோர்வு நாட்களில் அப்படிப்பட்ட சாட்சிகள் என்னைத் தாங்கியிருக்கின்றன. ஆனாலும் என் விசுவாசத்தைப் பற்றி நானே சொல்வதற்கு ஒரு எடை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதற்கு வேறு எடை. அவரை நாம் சாட்சி நேரத்துக்கு அழைப்பதில்லை. இன்று அவர் இடத்தில் நின்று பார்க்க முயல்கிறேன்.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்த அதிகாரங்களில் தருகிறார். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், உங்கள் நற்செயல்களை மனிதர் கண்டு பரமபிதாவை மகிமைப்படுத்தும்படி வாழுங்கள் என்கிறார். 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், மனிதர் காணவேண்டும் என்பதற்காகத் தர்மம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கிறார். ஞாயிறு பள்ளியில் இரண்டையும் மனப்பாடம் செய்தோம். இரண்டையும் சேர்த்து எப்படி வாழ்வது என்று கேட்டவர்கள் குறைவு.

எனக்கு வழிகாட்டியது 5ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனம். அங்கே விளக்குத் தண்டின்மேல் ஏற்றிய விளக்கு யாருக்கு வெளிச்சம் தருகிறது? வீட்டிலுள்ளவர்களுக்கு. ஊருக்கு, உலகத்துக்கு என்று ஆண்டவர் அங்கே சொல்லவில்லை. வீட்டிலுள்ளவர்கள் என்றால் மனைவி, பிள்ளைகள், வயதான மாமியார், பாத்திரம் துலக்க வருகிற அம்மா, மாடியில் குடியிருப்பவர். இவர்களுக்கு முன் வேஷம் போட முடியாது. நாம் அடுப்படியில் என்ன பேசுகிறோம், காய்ச்சலில் எப்படிச் சிடுசிடுக்கிறோம், கொடுக்க வேண்டிய பணத்தை எத்தனை நாள் இழுத்தடிக்கிறோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். 6ஆம் அதிகாரம் கண்டிக்கிற தர்மமும் ஜெபமும் உபவாசமும் வீதிக்கு வந்து செய்து காட்டப்பட்டவை. வீட்டுக்குள் எரியும் விளக்கைக் காட்ட யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை முழு வாழ்க்கையாகவே வாழ்ந்த இருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 1921இல், அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூரில், கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. தொடங்கியவர்கள் இருவரும் மருத்துவர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். பேட்டனின் குடும்பம் ஆலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலைகள் நடத்திய பெரிய செல்வக் குடும்பம். ஸ்வெட்டர் பின்னும் வீடுகளில் பேட்டன்ஸ் நூல்கண்டு என்ற பெயர் பழகிய பெயர். ஆலைக்காரக் குடும்பங்களை அறிந்த கோவையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அந்த வீட்டுப் பிள்ளை கதர் உடுத்தி, மணம் முடிக்காமல், தரையில் உட்கார்ந்து உண்டு, திருப்பத்தூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு ஆயுளைக் கழித்தார்.

ஊரார் அந்த இருவரையும் அழைத்த பெயர்களைக் கேளுங்கள். ஜேசுதாசன் வயதில் மூத்தவர், அதனால் பெரியண்ணன். பேட்டன் சின்னண்ணன். 1921 என்பது எப்படிப்பட்ட காலம்? கலெக்டர் வெள்ளைக்காரர், போலீஸ் சூப்பரின்டென்டன்ட் வெள்ளைக்காரர். மிஷன் காம்பவுண்டுகளிலும் பங்களா வெள்ளைக்காரருக்கு. இந்திய ஊழியருக்கு வேறு வீடு, வேறு சம்பளம். நல்ல மனம் படைத்த மிஷனரிமார் பலர் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்ற கிராமத்தார் பிரசங்கத்தைக் கேட்டதோடு பங்களாவையும் பார்த்தார்கள். இரண்டும் வேறு வேறு சொன்னபோது எதை நம்பியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஒரு தமிழரை அண்ணன் ஸ்தானத்தில் வைத்து, தன்னைத் தம்பியாக்கிக்கொண்டு, ஒரே கூரையின்கீழ் ஒரே சோற்றை உண்டார். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒரே குடும்பம் என்பதைத் திருப்பத்தூர்க்காரர்களுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் எழுப்பிய ஜெபாலயமும் தென்னாட்டுக் கோயில் அமைப்பில் கோபுரமும் தூண் மண்டபமுமாக நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம், தரையில் உட்காரலாம். எங்கேயிருந்தோ வந்த மதம் என்று நினைத்திருந்தவர்களும் கூசாமல் நுழையக்கூடிய வாசல் அது. 1932 ஜனவரியில், அந்நியத் துணிக்கடைகளுக்கு முன் மறியல் நடந்த நாட்களில், சென்னைத் தெருவில் கதரோடு நின்ற பேட்டனைப் போலீஸ் தடியால் அடித்தது. விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. அடித்தவர்களுக்கு அவர் யார் என்று குழப்பமாக இருந்திருக்கலாம். திருப்பத்தூர்க்காரர்களுக்கு அந்தக் குழப்பம் இருந்திருக்காது.

கொங்கின் தென்கிழக்கு ஓரத்துக்கு வருகிறேன். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கடக்கும் ஊர் ஒட்டன்சத்திரம். அங்கே காய்கறிச் சந்தைக்கு லாரிகள் விடிய விடிய வந்துபோகும். அந்த ஊரில் 1955இல் ஏ.கே. தாரியன், ஜேக்கப் செரியன் என்ற கேரள மருத்துவர்கள் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் துணைநின்றவர் ரால்ஃப் ரிச்சர்ட் கைத்தான் என்ற அமெரிக்கர். 1925இல் மதுரை அமெரிக்கன் மிஷனுக்கு வந்தவர். காந்தியோடும் தேசிய இயக்கத்தோடும் கொண்ட நட்பைப் பிரிட்டிஷ் அரசு பொறுக்கவில்லை. 1930இல் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார். 1944இல் மறுபடி வெளியேற்றப்பட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி வந்து, கிராமப்பணியிலேயே இருந்து, 1984இல் மறைந்தார். இருமுறை துரத்திய நாட்டுக்கு ஒரு மனிதர் மூன்றாம் முறையும் வருகிறார் என்றால் அவருக்கு இங்கே ஏதோ கடன் இருப்பதாக மனதில் பட்டிருக்க வேண்டும்.

பெரிய நகரங்களில் நல்ல வருமானம் பார்த்திருக்கக்கூடிய மருத்துவர்கள் எளிய வாழ்க்கையையும் கூட்டு வாழ்க்கையையும் ஏற்று ஒட்டன்சத்திரத்தில் குடியிருந்தார்கள். சந்தைக்கு வந்த தக்காளி வியாபாரி அங்கே முதலில் கவனித்தது சிலுவையை என்று நான் நினைக்கவில்லை. டாக்டர் குடியிருக்கும் வீடு எப்படி இருக்கிறது, பணம் இல்லாதவனிடம் அவர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதைத்தான் கவனித்திருப்பார். நாமும் ஆஸ்பத்திரிக்குப் போனால் அதைத்தானே கவனிக்கிறோம்?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம்மைப் பார்க்கிறவர்கள் வெறுங்கையோடு பார்ப்பதில்லை. அவர்கள் கையில் ஒரு அளவுகோல் இருக்கிறது, அது இந்த மண்ணின் அளவுகோல். சைவக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இளையான்குடி மாறனாரைத் தெரியும். நடுராத்திரி மழையில் வந்த அடியாருக்குச் சோறு போட, அன்று விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்தவர் அவர். பக்தி என்றால் வாசலுக்கு வந்தவனுக்குச் சோறு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம் அக்கம்பக்கத்தார். அவர்கள் நம் வீட்டு வாசலையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

கோயமுத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயராக 1950இல் பொறுப்பேற்ற ஏ.ஜே. அப்பாசாமி இதை நன்றாக அறிந்தவர். அவருடைய தகப்பனார் சைவத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் சுவிசேஷத்தையும் இந்திய பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆய்வு செய்து, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் வெளியிட்டார் மகன். தமிழ் பக்தர்களை மதித்து வாசித்த ஒருவர் நம் முதல் பேராயராக இருந்தார் என்பது எனக்குப் பெருமை. அவரை நம் சபைகள் இன்று இன்னும் அதிகமாக வாசிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இனி மனதுக்குக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். 1830இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் என்ற மிஷனரி கோவைக்கு வந்தார். அதற்கு இருபது வருஷம் கழித்து, 1850இல், சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கண்டித்து ஒரு கடுமையான நிலை எடுத்தது. அவர்கள் வைத்த சோதனை ஒரே பந்தி: சக விசுவாசியோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறவரைச் சபையில் சேர்க்கலாகாது. அந்த மிஷனரிமாருடைய வேறு பல எண்ணங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஒன்றில் அவர்கள் கைவைத்த இடம் சரியான இடம். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுவிட்டு, கல்யாணம் பேசும்போது வேறு கணக்குப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. செத்தவனுக்கும் சுவர் வைத்திருக்கிறார்களே என்று பக்கத்து ஊர்க்காரர் பார்க்காமலா இருக்கிறார்? எத்தனை சுவிசேஷக் கூட்டம் நடத்தினாலும், எத்தனை ஒலிபெருக்கி கட்டினாலும், அந்தச் சுவர் பேசுவதுதான் அவர் காதில் விழும்.

யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியையைப் பற்றி, வீட்டாரிடம் அனுமதி பெற்றுச் சொல்கிறேன். இந்த உரைக்காக அவரை அறிந்த சிலரிடம் பேசினேன். சபையார் அவருடைய ஜெபவாழ்க்கையைச் சொன்னார்கள், பழைய மாணவர்கள் கண்டிப்பைச் சொன்னார்கள். அவர் வீட்டில் பல வருஷம் வேலை பார்த்த அம்மாவைத் தேடிப் போனேன். கோயிலுக்கு மாலை கட்டுவதற்காகத் திண்ணையில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா எப்படி என்று கேட்டேன். கை நிற்கவில்லை. "சம்பளத்தைக் கையிலதானுங்க குடுப்பாங்க" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. அவரே விளக்கினார். வேறு சில வீடுகளில் பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்களாம். இவர் எடுத்துக்கொள்ள வேண்டும். டீச்சரம்மா ஒவ்வொரு மாசமும் எதிரே நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளங்கையில் வைப்பார். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கும்போது, இது உங்க நோம்பி, நீங்களே கலர் பாத்து எடுத்துக்கங்க என்று கடைக்கே கூட்டிப்போவாராம். காபி ஒரே மாதிரி டம்ளரில். வேதத்தைப் பற்றி ஏதாவது பேசுவார்களா என்று கேட்டேன். "நா கேட்டாத்தானுங்க சொல்லுவாங்க" என்றவர், கொஞ்சம் யோசித்து, "கேட்டிருக்கறனுங்க" என்றார். என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று நான் துருவவில்லை. அது அவர்கள் இருவருக்குள் இருப்பது.

வாய் திறந்து சொல்லவே வேண்டாமா என்று சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு. சொல்லத்தான் வேண்டும். பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரத்தில், உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. யாராவது கேட்பார்கள் என்று அப்போஸ்தலர் எதிர்பார்த்திருக்கிறார். நம்மிடம் யாரும் கேட்கவில்லை என்றால், கேட்கும்படி அவர்கள் எதையும் பார்க்கவில்லையோ என்று நாம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, இந்த ஊருக்கு. சரவணம்பட்டி சோளக்காடும் பருத்திக்காடுமாக இருந்ததைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். இன்று சத்தி ரோடு நெடுக ஐ.டி. கம்பெனிகள், கல்லூரிகள், அடுக்குமாடிகள், பி.ஜி. விடுதிகள். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு காடு விற்றுக் கட்டிய வீடுகளும், ரிட்டயர்மென்ட் பணத்தில் எழுப்பிய மாடிகளும் பெருகிவிட்டன. நம் சபையாரிலும் மாடியை வாடகைக்கு விட்டவர்கள் நிறையப் பேர். வீட்டு வாசலில் வசனம் எழுதி மாட்டியிருக்கிறோம். அதன்கீழ் நின்று ஒரு பையன் வீடு கேட்கிறான். என்ன ஆளுங்க நீங்க என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்கிறோம். அவன் சொல்லும் ஊர்ப்பேரை வைத்துக் கணக்குப் போடுகிறோம். வடக்கத்தியான் என்றால் வேண்டாம், முஸ்லிம் என்றால் வேண்டாம், தனியாக வேலை பார்க்கும் பெண் என்றால் ஆயிரம் கேள்வி. காலி செய்யும்போது, ஆணி அடித்தீர்கள், பெயின்ட் போயிற்று என்று அட்வான்ஸில் பிடிக்கிறோம். அவன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகையில் அந்த வசனத்தை இன்னொரு முறை வாசிப்பான்.

வீடு விடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை யார் வந்து கேட்டாலும் சாதி கேட்காதீர்கள். வாடகை, தண்ணீர், கரண்ட், அட்வான்ஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். காலி செய்யும் அன்றே மீதிப் பணத்தை எண்ணிக் கொடுங்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் தங்கள் மாடிவீட்டை இப்படித்தான் விடுவதாக நேற்று என்னிடம் சொன்னார்கள். இப்போது அங்கே குடியிருப்பது ஒடிசாவிலிருந்து வந்து பஞ்சாலையில் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும். அவர்களும் இன்று இந்த அவைக்கு வந்திருக்கிறார்கள்.