சுவருக்குள் நிற்கும் கால்கள்

(வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைத் தலைவர் அவர்கள் அறிவித்தபோது, பின்வரிசையிலே சிலர் புன்முறுவல் பூத்தனர். சுவரிலே ஆணி அறைவதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். நம்முடைய ஊரைப் பொறுத்தமட்டில் அந்த எண்ணம் நியாயமானதே. ஆனால், நம்மவர்கள் பல்லாயிரவர் இன்று வாழும் ஒரு நாட்டிலே அது நியாயமன்று. அதனை விளக்குவதே என் நோக்கம். நான் கட்டடத் துறையிலே பட்டம் பெற்றவனல்லேன், மாணவன். கற்றதையும் கேட்டதையும் கோவைப்படுத்திச் சொல்ல முயல்கின்றேன்.

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. நம் ஊரிலே சுவர் என்றால் முழுச்சுவர். சுண்ணக்கல்லாலோ, செங்கல்லாலோ, சீமெந்துக் கல்லாலோ கட்டி, மேலே சாந்து பூசியிருப்பர். ஓர் அடி இப்பால் துளைத்தாலும் அப்பால் துளைத்தாலும் பெரும்பாலும் ஒரே உறுதிதான். ஆகவே, படம் எங்கே அழகாயிருக்குமோ அங்கே ஆணியை அறைகின்றோம்.

கனடாவுக்குச் செல்வோம். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவர் பெருந்தொகையாக அங்கே குடியேறினர். ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் இந்த அவையிலே அரிது. பிள்ளைகளோடு தங்கப் போகும் பெற்றோரும், படிப்புக்கும் தொழிலுக்கும் போகும் இளைஞரும் அங்கேயுள்ள வீட்டுச் சுவரை விரலாலே தட்டினால் பறை போல ஒலிப்பதைக் கேட்டு வியப்பர். அந்தச் சுவரின் பெரும்பகுதி வெறும் வெளி. கனத்தைத் தாங்கும் வலிமை அதற்குள்ளே மறைந்து நிற்கும் மரக்கால்களுக்கே உண்டு. ஆங்கிலத்திலே இதனை 'ஸ்ரட்' என்பர். பந்தலுக்குப் பந்தற்கால் போல, இது சுவருக்குச் சுவர்க்கால் என்று நான் வழங்குகின்றேன்.

நம் பெரியோருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. முன்னாளிலே கம்பு நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, இருபுறமும் மண் அப்பிச் சுவர் எழுப்பினார்களன்றோ? கருத்து அதுவே. பொருள்தான் வேறு. 1830களிலே சிக்காகோ நகரிலே, ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களையும் இயந்திரத்திற் செய்த ஆணிகளையும் கொண்டு விரைவாக வீடு கட்டும் முறை பரவத் தொடங்கிற்று. பெருந்தூண்களை விட்டு, மெல்லிய கால்களை நெருக்கமாக நிறுத்தி அவற்றின்மேல் வீட்டைச் சுமத்தினர். அதன் வழிவந்த முறையே வட அமெரிக்க வீடுகளிலே இன்றும் வழங்குகின்றது.

அக்கால்களை மூடும் போர்வை காலத்துக்குக் காலம் மாறிற்று. பழைய வீடுகளிலே மெல்லிய மரச்சலாகைகளைக் குறுக்கே அடித்து, அவற்றின்மேற் சாந்து பூசினர். 1894ஆம் ஆண்டிலே ஒகஸ்ரின் சாக்கெற் என்பவர் காகிதத்தையும் சாந்தையும் அடுக்கிச் செய்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியிலே வளர்ந்த ஜிப்சம் பலகை இரண்டாம் உலகப் போருக்குப் பின் எங்கும் பரவியது. வழக்கமாக அதன் தடிப்பு அரை அங்குலம். உள்ளே வெள்ளைச் சுண்ணம் போன்ற பொருள். இரு முகத்திலும் காகிதம். சிறிய நாட்காட்டியை அது தாங்கும். பாரமான கண்ணாடிப் படத்தையோ, புத்தகத் தட்டையோ, தொலைக்காட்சிப் பெட்டியையோ அதில் வெறும் திருகாணியால் மாட்டினால், சில நாள் தாங்குவது போற் காட்டிப் பின்னர் பலகையைப் பிய்த்துக்கொண்டு விழும்.

விழுவது படம் மட்டுமாயின் கண்ணாடியோடு போயிற்று. குழந்தைகள் இருக்கும் வீட்டிலே நிலைமை வேறு. இழுப்பறை அலுமாரியின் இழுப்பறைகளைத் திறந்து, படி போல மிதித்து ஏறுவது குழந்தைகளின் இயல்பு. அப்பொழுது அலுமாரி முன்னே சாய்ந்து குழந்தையை நசுக்கும். இப்படிச் சில குழந்தைகள் மாண்டமையால், 2016ஆம் ஆண்டிலே ஒரு பெரிய தளபாட நிறுவனம் அமெரிக்காவில் மாத்திரம் ஏறக்குறைய 2 கோடி 90 இலட்சம் அலுமாரிகளைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. சுவரோடு பிணைக்கப்படாதபோது அவை சாயக்கூடியன என்பதே காரணம். பிணைக்கும் பட்டி எவ்வளவு நல்லதாயினும், அதன் ஆணி வெறும் பலகையிலே இறங்கியிருந்தால் ஆபத்து நீங்கியதாகக் கொள்ள முடியாது. சுவர்க்காலிலே இறங்கினாற்றான் அந்தப் பட்டியை நம்பலாம். ஆதலால், சுவர்க்காலைக் கண்டுபிடிக்கும் அறிவு அந்நாட்டு வீட்டிலே உயிர்காக்கும் அறிவாகும்.

இனி, அதனைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

முதலாவது, கணக்கு. சுவர்க்கால்கள் பெரும்பாலும் நடுவுக்கு நடு 16 அங்குலத்தில் நிற்கும்; சில இடங்களிலே 24 அங்குலம். இந்த அளவின் பயன் என்ன? ஜிப்சம் பலகையின் அகலம் 4 அடி, அதாவது 48 அங்குலம். 16ஐ மூன்று தரம் கூட்டினாலும், 24ஐ இரண்டு தரம் கூட்டினாலும் 48 வரும். இந்த அளவால் பலகையின் ஓரம் காலின் நடுவிலே வந்து பொருந்துகின்றது. எனவே, ஒரு காலைச் சரியாகக் கண்டால் மற்றவற்றை அளவுகோல் காட்டும். ஆனால், மூலையிலிருந்து 16 அங்குலம் அளந்துவிட்டு, இதுதான் கால் என்று துணியற்க. தச்சர் எந்த மூலையிலிருந்து அளக்கத் தொடங்கினார் என்பதை நாம் அறியோம். கதவு, யன்னல் ஆகியவற்றின் அருகே கால்கள் இரட்டையாகவும் நிற்கும். அங்கே கணக்குப் பிறழும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். 'இரண்டுக்கு நான்கு' என்று பெயர் பெற்ற சட்டத்தின் உண்மையான அளவு ஒன்றரை அங்குலமும் மூன்றரை அங்குலமுமாகும். நமக்கு எதிரே நிற்பது அதன் ஒன்றரை அங்குல முகமே. ஆணி அதன் நடுவிலே இறங்கவேண்டும். முக்கால் அங்குலம் விலகினால் மரத்தின் ஓரம். அதற்கும் அப்பால் வெளி.

இரண்டாவது, செவி. விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போங்கள். வெளியுள்ள இடம் 'டம்' என்று முழங்கும்; காலுள்ள இடம் மந்தமாக அடங்கி ஒலிக்கும். பழகிய செவிக்கு இது நல்ல வழி. பழகாத செவியை ஏமாற்றும்.

மூன்றாவது, கண். இரவிலே விளக்கை அணைத்து, ரோச் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டிலே செலுத்துங்கள். பலகையை அறைந்த ஆணித் தலைகளின்மேல் உள்ள சிறு மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். அவை மேலிருந்து கீழாக ஒரு வரிசையில் இருப்பின் அங்கே கால் உண்டு. சுவரடியில் ஓடும் மரப்பட்டியிலுள்ள ஆணிகளும் பெரும்பாலும் கால்களிலேயே அறையப்பட்டிருக்கும். சுவிச்சுப் பெட்டியும் பிளக் பெட்டியும் வழக்கமாக ஒரு காலின் பக்கத்திலே பொருத்தப்படுவன. பெட்டியின் இரு பக்கத்தில் ஏதோ ஒன்றிலே கால் இருக்கும். எந்தப் பக்கம் என்பதைத் தட்டி அறியலாம்.

நான்காவது, காந்தம். இதுவே ஏழைக்கேற்ற கருவி. சிறிய, வலிமையான காந்தத்தை நூலிலே கட்டிச் சுவரோடு உராயும்படி மெல்ல நகர்த்துங்கள். மரத்தைக் காந்தம் அறியாது. ஆனால், பலகையை மரத்தோடு பிணைத்த இரும்பாணியை அறியும். ஓரிடத்திலே அது ஒட்டினால் அடையாளமிட்டு, நேர் மேலேயும் நேர் கீழேயும் தேடுங்கள். இரண்டு மூன்று இடங்கள் ஒரே நிலைக்குத்துக் கோட்டில் அமைந்தால் அது காலே. சலாகையின்மேற் சாந்து பூசிய பழைய வீட்டிலும், சலாகைகளைக் காலோடு அறைந்த ஆணிகள் இப்படியே வரிசை காட்டும்.

ஐந்தாவது, மின்கருவி. 1978இலே றொபேட் பிராங்கிளின் என்பவர் இத்தகைய கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். விஞ்ஞானம் பயிலும் மாணவர் கொள்ளளவம் பற்றிப் படித்திருப்பர். பலகைக்குப் பின்னால் காற்று இருக்கும்போது ஓர் அளவும், மரம் வரும்போது வேறோர் அளவுமாகக் கொள்ளளவம் மாறும். கருவி அந்த மாற்றத்தை விளக்கெரிந்தோ ஒலியெழுப்பியோ காட்டும். அதனைக் காலில்லாத இடத்திலே வைத்துத் தொடங்கவேண்டும். கால்மேல் வைத்துத் தொடங்கினால் மரத்தையே வெளியென்று கொண்டு பிழையாக அறிவிக்கும். இடப்பக்கமிருந்து ஒருமுறை, வலப்பக்கமிருந்து ஒருமுறை நகர்த்தி, இரு ஓரங்களையும் குறித்து, அவற்றின் நடுவைக் கொள்ளுக. பழைய சாந்துச் சுவரிலே அது பெரும்பாலும் குழம்பிவிடும்; அங்கே காந்தமே மேல்.

இவ்வைந்திலே எது சிறந்தது என்று கேட்பீர்கள். ஒன்றுமே தனித்துச் சிறந்ததன்று. நீர்க்குழாயைக் கண்டும் கருவி ஒலிக்கும். உள்ளே கிடக்கும் வேறு இரும்பைக் கண்டும் காந்தம் ஒட்டும். செவி சொல்வதைக் காந்தமும், காந்தம் சொல்வதை அளவுகோலும் ஒப்புக்கொண்டால் மாத்திரமே துணியவேண்டும். துணிந்த பின்னரும், படம் மறைக்கும் இடத்திலே மெல்லிய துளையொன்று இட்டுப் பாருங்கள். அரை அங்குலம் வரை வெள்ளைத் தூள் வரும். அதன்பின் மரத்தூள் வந்தால் நீங்கள் காலிலே நிற்கின்றீர்கள். துளைகருவி சட்டென உள்ளே வழுக்கினால் அங்கே வெளிதான். அந்தச் சிறு துளையை அடைத்துவிட்டு, மறுபடியும் தேடுங்கள்.

துளைப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அந்த வெளியிலேதான் மின்கம்பியும், நீர்க்குழாயும், சில இடங்களில் எரிவாயுக் குழாயும் செல்கின்றன. சுவிச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலும் நேர் கீழும் துளைக்காதீர்கள். சமையலறை, குளியலறைச் சுவர்களிலே இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். சுவர்க்காலைத் துளைத்துக் கம்பி செலுத்தும்போது, காலின் முகத்திலிருந்து குறைந்தது ஒன்றேகால் அங்குலம் உள்ளே செலுத்தவேண்டும் என்பதும், இயலாவிடின் இரும்புத் தகடு வைத்துக் காக்கவேண்டும் என்பதும் அந்நாட்டு விதி. ஆகையால், தேவைக்கு மிஞ்சிய நீளமுள்ள திருகாணி வேண்டாம். துளைக்கும்போது கருவி இரும்பிலே முட்டினால் வலிந்து அழுத்தாமல் உடனே நிறுத்துங்கள். அது அந்தக் காவற்றகடாக இருக்கலாம். ஐயமிருந்தால் அந்தப் பகுதியின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள்.

வேண்டிய இடத்திலே கால் இல்லையென்றால்? இரண்டு கால்களுக்குக் குறுக்கே ஒரு பலகையைத் திருகாணியால் இறுக்கி, அந்தப் பலகையிலே மாட்டலாம். பாரம் குறைந்ததாயின், உள்ளே சென்று சிறகு விரித்துப் பலகையைப் பின்னாலிருந்து பற்றும் ஆணிகளும் உள. குழந்தைகள் இழுக்கக்கூடிய அலுமாரியையோ தொலைக்காட்சிப் பெட்டியையோ இவற்றை மட்டும் நம்பி விடலாகாது.

இவையெல்லாம் கடலுக்கு அப்பாலுள்ள செய்தி என்றும் கருதவேண்டாம். கொழும்பிலே அலுவலகங்களின் தடுப்புச் சுவர்கள் பல இன்று ஜிப்சம் பலகையாலானவை. அவற்றுக்குள்ளே பெரும்பாலும் மரத்துக்குப் பதிலாக மெல்லிய உருக்குச் சட்டங்கள் நிற்கின்றன. காந்தம் அச்சட்டம் முழுவதையும் தொடர்ந்து உணரும். எனினும் மரத்தைப் போல அது திருகாணியைக் கவ்விப் பிடிப்பதில்லை. ஆகையால் அங்கே பாரமான பொருளை மாட்டுமுன் தொழில் தெரிந்தவரைக் கேட்பதே முறை.

இளைஞர்களே, உங்களுள் சிலர் நாளை அத்தகைய வீட்டிலே குடியிருப்பீர்கள். பாட்டனாரின் படத்தை மாட்டுமாறு தாயார் சொல்வார். அண்ணன் பிள்ளை அலுமாரியைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகும். அப்பொழுது சுத்தியலை எடுக்குமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள், காந்தத்தை நகர்த்துங்கள், 16 அங்குலத்தை அளந்து சரிபாருங்கள். பெரியோர்களே, நீங்கள் அங்கே போகும்போது, தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் மேலே தொங்குவது எதிலே தொங்குகின்றது என்று பிள்ளைகளை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதிலே குறையொன்றுமில்லை.